மூலக்கூறு நிரலாக்க ஆராய்ச்சிக்குக் கூட்டாகத் திட்டமிடுவது எப்படி? பினாங்கிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மூலக்கூறு நிரலாக்கத்தில் ஈடுபாடு கொண்டவர்கள் ஆளுக்கொரு மூலையில் வேலை செய்துகொண்டிருக்கிறோம். கணிதத் துறையில் ஒருவர், மருத்துவ ஆய்வகத்தில் இருவர், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பகல் வேலை பார்த்துவிட்டு மாலையில் கட்டுரை படிக்கும் பொறியாளர் ஒருவர் என்று சிதறிக் கிடக்கும் நாம் ஒன்றுகூடி, அடுத்த ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கான ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை எழுத விரும்பினால், அதை எங்கே தொடங்கி எந்த வரிசையில் கொண்டுசெல்வது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன். இத்தகைய முயற்சி ஒன்றில் இரண்டாண்டுகள் ஒருங்கிணைப்பாளராக இருந்தவன் என்ற முறையில் நான் கண்டுகொண்டது ஒன்றுதான்: "என்னென்ன செய்யலாம்" என்ற ஆசைப் பட்டியலிலிருந்து தொடங்கும் திட்டம் முதல் கூட்டத்தோடு நின்றுவிடுகிறது, எல்லோரும் ஒரே சிறு சோதனையைத் தத்தம் ஆய்வகத்தில் செய்து, எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று சேர்ந்து தேடுவதிலிருந்து தொடங்கும் திட்டம் நிலைக்கிறது. பின்வரும் படிகள் யாவும் அந்த எண்ணத்தின் மீதே அமைந்தவை.

முதல் படி: துறையின் எல்லையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

மூலக்கூறு நிரலாக்கம் என்றவுடன் மரபணு மாற்றம் முதல் மருந்து வடிவமைப்பு வரை எல்லாவற்றையும் அதற்குள் அடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஆகவே ஒருங்கிணைப்பாளர் முதலில் ஒரே பக்கத்தில், எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதை எழுதிச் சுற்றுக்கு விட வேண்டும். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: டி.என்.ஏ. போன்ற மூலக்கூறுகளின் எழுத்து வரிசையை (A, T, G, C என்று குறிக்கப்படும் அலகுகளின் வரிசையை) நாமே தேர்ந்தெடுத்து, அவை ஒன்றோடொன்று எப்போது சேர வேண்டும், எப்போது பிரிய வேண்டும் என்பதை முன்கூட்டியே விதித்து, அதன் மூலம் ஒரு கணக்கையோ வடிவத்தையோ அசைவையோ உண்டாக்குவது.

அதே பக்கத்தில் துறையின் வரலாற்றைப் பத்து வரிகளில் சேர்ப்பது நல்லது. ஏனெனில் அந்த வரலாறே கூட்டுழைப்பின் வரலாறாக இருக்கிறது. படிகவியலாளரான நெட் சீமன் 1982இல் டி.என்.ஏ. இழைகள் கிளைபிரிந்து கூடும் சந்திகளைக் கொண்டு பின்னல்கள் கட்டலாம் என்று எழுதினார். 1994இல் கணினி அறிஞர் லெனார்ட் ஏடில்மன் ஏழு முனைகள் கொண்ட வழித்தடக் கணக்கு ஒன்றை, சுமார் ஒரு வாரம் ஆய்வகத்தில் நின்று, டி.என்.ஏ. இழைகளால் தீர்த்துக் காட்டினார். கணிப்பியலிலிருந்து வந்த எரிக் வின்ஃப்ரீயும் சீமனும் சேர்ந்து, தாமாகவே அடுக்கிக்கொள்ளும் டி.என்.ஏ. ஓடுகளை 1998இல் வெளியிட்டபோதுதான் இரண்டு துறைகள் உண்மையாகவே இணைந்தன. 2000இல் பெர்னார்ட் யர்க் குழுவினர் டி.என்.ஏ. இழைகளையே எரிபொருளாகக் கொண்டு திறந்து மூடும் இடுக்கியைச் செய்தார்கள். 2006இல் பால் ரோத்மண்ட் 7,249 எழுத்து நீளமுள்ள வைரஸ் இழையை இருநூற்றுக்கும் மேற்பட்ட சிறு இழைகளால் மடித்து டி.என்.ஏ. ஓரிகாமியை அறிமுகப்படுத்தினார். 2011இல் லூலு சியானும் வின்ஃப்ரீயும் 130 இழைகளைக் கொண்டு நான்கு பிட் எண்களின் வர்க்கமூலத்தைக் கணக்கிடும் சுற்றை, அதாவது மின்சுற்றைப் போல உள்ளீட்டுக்கு ஏற்ற வெளியீடு தரும் இழைத் தொகுப்பை, வெளியிட்டார்கள்.

நம்மவர்களுக்கு உரிய ஒரு வரியையும் அந்தப் பக்கத்தில் சேர்த்திருந்தேன். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970களில் கோலங்களை வரைவதற்கான இலக்கண விதிகளைக் கணிதமாக எழுதினார்கள். உயிர் மூலக்கூறுகளை வெட்டி ஒட்டுவதை மொழியியல் கணிதமாக டாம் ஹெட் 1987இல் எழுதிய பிறகு, 1992இல் ராணி சிரோமனியும் உடனுழைத்தவர்களும் வட்ட வடிவ டி.என்.ஏ.வுக்கு அதை விரிவுபடுத்தினார்கள். மலேசியாவிலும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இந்த வெட்டி ஒட்டும் அமைப்புகளைப் பற்றி விரிவான கணித ஆய்வுகள் நடந்துள்ளன. ஆக, கோட்பாடு நமக்கு அந்நியமானதன்று. கோட்பாட்டாளரின் மேசைக்கும் ஆய்வகத்தில் பிப்பெட் (துளியளவில் திரவத்தை அளந்தெடுக்கும் கருவி) பிடிப்பவரின் மேசைக்கும் இடையில் உள்ள தூரமே நமது குறை. அந்தத் தூரத்தைக் குறைப்பதைத் திட்டத்தின் முதல் நோக்கமாக எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: யாரை அழைப்பது

பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கோட்பாட்டாளர்கள் மூன்று நான்கு பேர், ஆய்வக அனுபவம் உள்ளவர்கள் அதே அளவு, நோயாளிகளின் மாதிரிகளைக் கையாளத் தெரிந்த மருத்துவ ஆய்வாளர் ஒருவர், இயற்பியலில் ஒளி அளவீடு தெரிந்தவர் ஒருவர், ஆய்வு மாணவர்கள் சிலர். ஆய்வக உதவியாளர்களை மறந்துவிடாதீர்கள். எந்த இழை எந்தப் பெட்டியில் இருக்கிறது, எந்தக் கருவி காலையில் சூடேற எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும்.

இங்கே பினாங்குக்கென்று ஒரு செல்வம் இருக்கிறது. 1972இல் இன்டெல் முதலிய நிறுவனங்கள் பாயான் லெப்பாசில் கால் பதித்த நாளிலிருந்து, சில்லு ஏன் பழுதாகிறது என்று கண்டுபிடிப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட பொறியாளர்கள் இங்கே தலைமுறையாக உருவாகி வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு டி.என்.ஏ. தெரிந்திருக்க வேண்டியதில்லை. "நூறு செய்தால் எத்தனை தேறுகிறது, தேறாதவை எந்தக் கட்டத்தில் விழுகின்றன" என்று கேட்கும் பழக்கம் அவர்களிடம் ஊறியிருக்கிறது. மூலக்கூறுச் சுற்றுகளுக்கு இன்று தேவைப்படுவது அந்தப் பழக்கமே. எங்கள் குழுவில் அப்படி ஒருவர் வந்து அமர்ந்தார். எல்லோரும் "அண்ணன்" என்றே அழைத்த அவர் முதல் நாளில் கேட்ட கேள்வி: "இழை வாங்குகிறீர்களே, அதில் எத்தனை விழுக்காடு சரியான இழை?" அந்தக் கேள்விக்கு எங்களில் பாதிப் பேரிடம் உடனடி விடை இல்லை.

விடையை அன்றே கணக்கிட்டோம். இழையைத் தயாரிக்கும்போது ஓர் எழுத்தைச் சேர்ப்பதில் 99 விழுக்காடு வெற்றி என்று வைத்துக்கொண்டால், 20 எழுத்து இழையில் சுமார் 83 விழுக்காடு மட்டுமே முழுமையாக இருக்கும். 100 எழுத்து இழையில் அது 37 விழுக்காடாகக் குறைந்துவிடும். மீதியெல்லாம் இடையில் ஓர் எழுத்தோ பலவோ விடுபட்டவை. சுற்றுகளில் ஏற்படும் கசிவுக்கு, அதாவது உள்ளீடு வராமலேயே வெளியீடு எழுவதற்கு, இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஒரு தொழிற்சாலைப் பொறியாளரின் கேள்வி எங்கள் ஐந்தாண்டுத் திட்டத்தின் முதல் கேள்வியாக மாறியது இப்படித்தான்.

மூன்றாம் படி: சொற்களையும் பெயர்களையும் பொதுவாக்குவது

கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே ஒரு சொற்பட்டியலைத் தொடங்குங்கள். நாங்கள் ஆங்கிலத்திலும் மலாயிலும் தமிழிலும் மாறி மாறிப் பேசுகிறவர்கள். அதனால் குழப்பம் மும்மடங்கு. கணிதக்காரர் "விதி" என்றால் எழுத்தை மாற்றும் விதி. வேதியியலாளருக்கு அது வினைவேக விதி. "கசிவு" என்று ஒருவர் சொல்வது, உள்ளீடு வராமலேயே சுற்று தரும் வெளியீடு. இன்னொருவருக்கு அது ஜெல் தட்டிலிருந்து கரைசல் ஒழுகுவது. எங்கள் பட்டியல் நாற்பது சொற்களோடு நின்றது. அதற்கு மேல் நீண்டால் யாரும் படிப்பதில்லை.

இழைகளுக்குப் பெயரிடும் முறையையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஒரே இழைக்கு மூன்று ஆய்வகங்களில் மூன்று பெயர்கள் இருந்தால், பின்னால் தரவுகளை ஒப்பிடும்போது ஒரு மாத உழைப்பு வீணாகும். சுற்றின் பெயர், இழையின் பணி, பதிப்பு எண் ஆகிய மூன்றும் ஒவ்வொரு பெயரிலும் இருக்கட்டும். எழுத்து வரிசை எப்போதும் 5 பிரைம் முனையிலிருந்து 3 பிரைம் முனைக்கு (இழையின் இரு முனைகளுக்கும் வேதியியலில் உள்ள பெயர்கள் இவை) எழுதப்படட்டும். இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைக்கலாம். தலைகீழாக எழுதி வாங்கிய இழைகள் எத்தனையோ உறைபெட்டிகளில் கிடக்கின்றன.

நான்காம் படி: கூட்டத்துக்கு முன்பே ஒரே சோதனை

வழிகாட்டியின் நடுநாயகமான பகுதி இது; இதற்கு ஒதுக்கும் நேரத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

சோதனை எளிமையானது. இரண்டு இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்றின் முனையில் ஒளிரும் சாயம், மற்றதன் முனையில் அந்த ஒளியை அணைக்கும் மூலக்கூறு. இரண்டும் அருகருகே இருக்கும்வரை குழாய் இருண்டிருக்கும். நீளமான இழையின் ஓரத்தில் மட்டும் ஆறு ஏழு எழுத்துகள் துணையின்றி நீட்டிக்கொண்டிருக்கும். ஆய்வகங்களில் அதை டோஹோல்ட் என்பார்கள். நாங்கள் பிடிமுனை என்று எழுதிக்கொண்டோம். மூன்றாவது இழை வந்து அந்தப் பிடிமுனையைப் பற்றிக்கொண்டு, எழுத்து எழுத்தாக முன்னேறி, பழைய துணையைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் அமர்கிறது. அணைப்பான் விலகியதும் ஒளி எழுகிறது. இழை இடப்பெயர்ப்பு எனப்படும் இந்த ஒரே அசைவைத்தான் தர்க்க வாயில்கள் முதல் கையெழுத்து எண்களை அடையாளம் காணும் வலையமைப்புகள் வரை பலவும் அடித்தளமாகக் கொண்டிருக்கின்றன. பிடிமுனையின் நீளத்தை மாற்றினால் வினைவேகம் சுமார் பத்து இலட்சம் மடங்கு வரை மாறுகிறது. ஆறேழு எழுத்துகளுக்குப் பிறகு ஏற்றம் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. டேவிட் ஜாங், வின்ஃப்ரீ ஆகியோர் 2009இல் இதை அளந்து காட்டினார்கள்.

ஒரே வரிசை கொண்ட இழைகளை ஒரே இடத்தில் ஒன்றாக வாங்கி, உலர்ந்த நிலையிலேயே எல்லா ஆய்வகங்களுக்கும் பிரித்து அனுப்புங்கள். உலர்ந்த இழைக்குப் பனிக்கட்டி வேண்டியதில்லை. பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு ரயிலில் சட்டைப் பையில் வைத்தே கொண்டுபோகலாம். கரைப்பது, 260 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து செறிவைக் கணக்கிடுவது, 95 பாகைக்குச் சூடாக்கி மெதுவாகக் குளிரவைத்து இழைகளைப் பின்னவைப்பது, 25 பாகையில் ஒளியை அளப்பது ஆகிய எல்லாவற்றையும் ஒவ்வோர் ஆய்வகமும் தன் கைப்படவே செய்ய வேண்டும். கோட்பாட்டாளர்களும் ஒரு நாளாவது பக்கத்தில் நிற்கட்டும். நூறு நானோமோலார் கரைசல் நூறு மைக்ரோலிட்டர் என்றால் குழாய்க்குள் சுமார் ஆறு இலட்சம் கோடி இழைகள் இருக்கின்றன என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பது வேறு, அந்தத் துளியைக் கையில் பிடித்துப் பார்ப்பது வேறு.

முதல் தடவை இந்தச் சோதனையில் எங்கள் மூன்று ஆய்வகங்கள் பங்கேற்றன. இரண்டின் வரைகோடுகள் ஓரளவு ஒத்துப்போயின. மூன்றாவதன் வினை மிக மந்தமாக நடந்தது. இரண்டு வாரங்கள் இழைகளின் மீதும் கருவியின் மீதும் பழி போட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில், எங்கள் ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளாகப் பணிபுரியும் உதவியாளர் அக்கா அந்த ஆய்வகத்துக்குப் போனவர், அலமாரியிலிருந்த புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "தம்பி, இதில் மெக்னீசியம் சேர்த்தாச்சா?" என்று கேட்டார். புட்டியின் மேல் டிரிஸ், அசெட்டேட், இ.டி.டி.ஏ. கலந்த பஃபர் (அமிலத்தன்மையை நிலையாக வைத்திருக்கும் கரைசல்) என்று மட்டுமே எழுதியிருந்தது. எங்கள் குறிப்பிலும் பஃபரின் பெயர் மட்டும் இருந்ததே தவிர, 12.5 மில்லிமோலார் மெக்னீசியம் தனியாகச் சேர்க்க வேண்டும் என்ற வரி விடுபட்டிருந்தது. டி.என்.ஏ. இழைகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை; மெக்னீசியம் போன்ற அயனிகள் இடையில் நின்று அந்த மின்னூட்டத்தைத் தணிக்காவிட்டால் அவை ஒன்றையொன்று தள்ளும், பின்னுவது தாமதமாகும். குறிப்பை எழுதியவன் நான், பிழை என்னுடையது.

அந்தப் பிழைதான் எங்களை ஒரு குழுவாக்கியது என்று இன்றும் நம்புகிறேன். அதன் பிறகு எழுதிய செயல்முறைக் குறிப்பில் பெயர்களே இல்லை. ஒவ்வொரு பொருளின் அளவும், செறிவும், சேர்க்கும் வரிசையும் மட்டுமே இருந்தன. இரண்டாம் தடவை மூன்று கோடுகளும் நெருங்கி வந்தன. உங்கள் குழுவும் எண்கள் ஓரளவு ஒத்துப்போகும்வரை கூட்டத் தேதியைக் குறிக்காதீர்கள்.

ஐந்தாம் படி: கேள்விகளைப் பொறுக்கி எடுப்பது

கூட்டம் இரண்டு நாள் போதும். முதல் நாள் காலையில் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் கொண்டுவர வேண்டும்: என்னிடம் என்ன இருக்கிறது, எனக்கு என்ன இல்லை, எந்த இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். மூன்றாவது பத்திக்கே அதிக நேரம் கொடுங்கள்.

பிறகு ஆசைகளைக் கேள்விகளாக உடைக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் பலரும் முன்வைத்த ஆசை, டெங்கிக் காய்ச்சலுக்கான சோதனை. டெங்கி வைரசில் நான்கு வகைகள் உண்டு, அவற்றின் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தறிந்து ஒளியால் காட்டும் சுற்று ஒன்றை கிள்ளானிலோ பட்டர்வொர்த்திலோ உள்ள சிறு கிளினிக்கில் பயன்படுத்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற எண்ணம் எல்லோருக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது. ஆனால் அதை அப்படியே திட்டத்தில் எழுதினால் யார் எதை எப்போது செய்வது என்பதற்கு விடை கிடைக்காது. ஆகவே ஒரு பிற்பகல் முழுவதும் அதை உடைத்தோம்.

முதலில் வெப்பம். நாம் படிக்கும் கட்டுரைகளில் பெரும்பாலான அளவீடுகள் 20 முதல் 25 பாகைக்குள் செய்யப்பட்டவை. குளிர்சாதனம் இல்லாத அறையில் நம் ஊரில் 30 பாகையைத் தாண்டும். வெப்பம் ஏறினால் குட்டைப் பிடிமுனையின் பிடி தளரும். அப்படியானால் 32 பாகையில் அதே வேகம் கிடைக்கப் பிடிமுனை எவ்வளவு நீள வேண்டும்? இது ஒரு மாணவர் ஆறு மாதத்தில் விடை காணக்கூடிய கேள்வி, நம் தட்பவெப்பத்துக்கே உரிய கேள்வி. அடுத்தது, இரத்தச் சீரத்தில் உள்ள நொதிகள் டி.என்.ஏ.வைத் துண்டாடும்; நமது சுற்று அதில் ஒரு மணி நேரம் தாங்குமா? அடுத்தது கசிவு: உள்ளீடே இல்லாத குழாயில் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எழும் ஒளி, உள்ளீடு வந்தபோது எழும் உண்மையான ஒளியில் எத்தனையில் ஒரு பங்கு? அடுத்தது, இந்தச் சுற்றுகள் பெரும்பாலும் ஒரே முறை ஓடி நின்றுவிடுபவை. நோய்ச் சோதனைக்கு அது போதும், ஆனால் தொடர்ந்து கண்காணிக்கும் கருவிக்குப் போதாது, ஆகவே மறுபயன்பாடு பத்தாண்டுப் பட்டியலுக்குப் போகட்டும் என்று முடிவாயிற்று.

ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரு வரி கட்டாயம்: "எந்த எண்ணைப் பார்த்து இது தீர்ந்தது என்று சொல்வோம்?" அந்த வரியை எழுத முடியாத கேள்விகளை நாங்கள் காத்திருப்புப் பக்கத்துக்கு மாற்றினோம். மனம் வருந்தத்தான் செய்தது. சில அழகான யோசனைகள் அங்கே போய் உட்கார்ந்தன. கோட்பாட்டுக் கேள்விகளுக்கு எண்ணுக்குப் பதிலாக நிறுவ வேண்டிய கூற்று இருக்கலாம். ஆயினும் அந்தக் கூற்று பொய்யானால் எந்தச் சோதனை வீண் என்பதைக் கோட்பாட்டாளர் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

ஆறாம் படி: காலம், கருவி, பணம்

கேள்விகளை இரண்டாண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு என்று மூன்று வரிசைகளில் வையுங்கள். பத்தாண்டு வரிசையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இரண்டாண்டு வரிசையில் ஒரு வேர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது மிதந்துகொண்டிருக்கும்.

கருவிகளைப் பொறுத்தவரை, வாங்குவதற்கு முன் நாட்டில் எங்கே சும்மா கிடக்கிறது என்று விசாரியுங்கள். அணுவிசை நுண்ணோக்கி ஓரிகாமி வடிவங்களைப் பார்ப்பதற்கு வேண்டும். ஆனால் மாதத்துக்கு இரண்டு நாள்தான் வேண்டும். அதற்கு முன்பதிவு செய்துகொள்ளும் உடன்பாடு போதும். இழைகளுக்கான செலவு எழுத்துக் கணக்கில் ஏறுகிறது. சாயம் பூட்டிய இழைகளும் தனியாகத் தூய்மைப்படுத்திய இழைகளும் சாதாரண இழையைவிடப் பன்மடங்கு விலை. ஆகவே ஒளிரும் இழையை எல்லாச் சுற்றுகளுக்கும் பொதுவான ஒன்றாக வடிவமைத்து, மாறும் பகுதிகளைச் சாதாரண இழைகளில் வைத்துக்கொள்வது சிக்கனமான வழி.

வடிவமைப்புக்கு நூபேக், கேட்னானோ, ஸ்கேட்னானோ, ஆக்ஸ்டி.என்.ஏ. போன்ற மென்பொருள்கள் கல்வி ஆராய்ச்சிக்குக் கிடைக்கின்றன. எல்லோரும் ஒரே பதிப்பைப் பயன்படுத்துங்கள். நிதி விண்ணப்பத்தைப் பொறுத்தவரை, உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆராய்ச்சி மானியம் போன்றவற்றுக்கு எழுதும்போது ஐந்தாம் படியில் உடைத்த ஒரு கேள்வியை மட்டும் ஒரு விண்ணப்பத்தில் வையுங்கள். முழுக் கனவையும் ஒரே தாளில் கொட்டினால் மதிப்பீட்டாளருக்குப் பிடிபடாது.

ஏழாம் படி: எழுத்து மூலமான உடன்பாடு

நட்பாக இருக்கிறோமே, எதற்குக் காகிதம் என்ற எண்ணம் தவறு. கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும், இழைகளைத் தயாரித்த உதவியாளரின் பங்களிப்பு எங்கே குறிக்கப்படும், தோல்வியடைந்த சோதனைகளின் தரவுகள் எத்தனை நாளில் பொதுக் கோப்புக்கு வர வேண்டும் (நாங்கள் முப்பது நாள் என்று வைத்தோம்), காப்புரிமை எண்ணம் இருந்தால் யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் ஆகிய நான்கும் இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும்.

சோதனைக்குழாய்க்குள் மட்டும் நடக்கும் வேலையோடு நின்றால் நடைமுறைகள் எளிது. உயிருள்ள கலங்களின் மரபணுவை மாற்றும் திட்டமாக விரிந்தால் 2007ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் நடைமுறைகளையும், நோயாளிகளின் மாதிரிகள் என்றால் அறநெறிக் குழுவின் ஒப்புதலையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். இவற்றுக்கு ஆகும் மாதங்கள் திட்ட அட்டவணையில் தனி வரியாக இருக்க வேண்டும்.

எட்டாம் படி: மாணவர்களுக்கு இடம்

2011இல் தொடங்கப்பட்ட பயோமாட் என்னும் பன்னாட்டு மாணவர் போட்டி, இளங்கலை மாணவர்கள் குழுவாக மூலக்கூறு வடிவமைப்புச் செய்வதற்காகவே உருவானது. அத்தகைய இலக்கு ஒன்று இருந்தால் மாணவர்கள் கோடை விடுமுறைக்குள் ஒரு வேலையை முடித்துக் காட்டுகிறார்கள் என்பது பல நாடுகளில் தெரிந்த விஷயம். ஜப்பானில் 2012 முதல் 2017 வரை நடந்த மூலக்கூறு ரோபோவியல் திட்டமும், 2008இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியோடு கால்டெக்கிலும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் தொடங்கிய மூலக்கூறு நிரலாக்கத் திட்டமும் பல துறையினரை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தவை. நமது திட்டம் அவற்றைவிட மிகச் சிறியது; எனினும் ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு வழிகாட்டிகள், ஒருவர் கோட்பாட்டிலிருந்தும் ஒருவர் ஆய்வகத்திலிருந்தும், என்ற விதியை நம்மால் இன்றே கடைப்பிடிக்க முடியும். எங்கள் குழுவில் கணிதம் படித்த மாணவி ஒருவர் மூன்று மாதம் பிப்பெட் பிடித்த பிறகு, தம் ஆய்வேட்டின் மாதிரியில் இழைப் பிழைகளுக்கென்று ஒரு மாறியைத் தாமாகவே சேர்த்துக்கொண்டு வந்தார்.

ஒன்பதாம் படி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துதல்

திட்ட ஆவணத்துக்குப் பதிப்பு எண்ணும் தேதியும் கொடுங்கள். தைப்பூசம், நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி ஆகியவற்றைத் தவிர்த்து, பல்கலைக்கழகத் தேர்வுகளும் இல்லாத இரண்டு வார இறுதிகளை ஆண்டின் தொடக்கத்திலேயே குறித்துவிடுங்கள். ஒருமுறை பினாங்கில், ஒருமுறை கோலாலம்பூரில். அன்று புதிய சாதனைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன், நான்காம் படியின் அதே ஒளிச் சோதனையை ஒவ்வோர் ஆய்வகமும் மறுபடி செய்து கொண்டுவந்த கோடுகளைச் சுவரில் ஒட்டுங்கள். ஏதேனும் ஒரு கோடு விலகியிருந்தால் அன்றைய காலை அதற்கே உரியது. பிற்பகலில் ஒவ்வொரு கேள்வியின் கீழும் உள்ள எண்ணைப் பார்த்து, தீர்ந்தது, நகர்கிறது, நின்றுவிட்டது என்று குறித்துவிட்டு, காத்திருப்புப் பக்கத்தை எடுத்து மேலிருந்து கீழாக ஒருமுறை உரக்கப் படியுங்கள். சென்ற முறை அப்படிப் படித்தபோது, ஈராண்டாக அங்கே கிடந்த ஒரு யோசனைக்கு இப்போது எண் எழுத முடியும் என்று அண்ணன் கையைத் தூக்கினார். ஐந்தாண்டு வரிசையில் அதற்கு ஓரிடம் ஒதுக்கி, ஆவணத்துக்கு நான்காம் பதிப்பு என்று எண்ணிட்டோம்.